ஒரு காதுக்கு ஒரு டர்ன்டேபிள்

நடமாடும் நூலகத்தின் வண்டியை ஓட்டுகிறவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து தன் வீட்டுக் கூடத்தில் இறக்கினார். நூலகத்தின் மாடியில் இசைப்பிரிவு என்று ஒன்று இருந்ததே பலருக்கு மறந்துபோயிருந்தது. அந்த இடத்தில் கணினிகளை வைக்கப்போகிறார்கள், ஆகவே தட்டுகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மற்றவர்கள் அட்டைப்படம் அழகாக இருந்ததில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டார். மொத்தம் எழுபத்தொன்று. போட்டுக் கேட்பதற்கு வீட்டில் ஒரு கருவியும் கிடையாது.

"சாப்பாடு வந்தாச்சு. இனிமே வாய்தான் வாங்கணும்" என்றாள் அவர் மனைவி.

அவளுக்கு வேலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். ஏழாம் மேஜை. இருபது வருடமாக அதே மேஜையில் இருந்ததால் அங்கே அவளை எல்லோரும் 'ஏழு' என்றே கூப்பிட்டார்கள். யாரோ எங்கேயோ பதறிக்கொண்டு போன் பண்ணுவார்கள். அந்தப் பதற்றத்துக்குள்ளிருந்து தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் பிரித்தெடுத்து, வண்டியை அனுப்பி, வண்டி போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நொடியில் முடிவெடுத்துப் பழகியவள். அவள் கணவரோ ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்கி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, கடைசியில் வாங்காமலேயே திரும்பி வருகிற ஆள். மகள் மேல்படிப்புக்கென்று விடுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

டர்ன்டேபிள் விஷயத்தில் அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். பெல்ட்டால் சுற்றுவது நல்லதா, மோட்டார் நேராகச் சுற்றுவது நல்லதா? சின்னப் பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கரும் சேர்ந்து வருகிறதே, அது போதுமா? அதன் ஊசி கனமாக அழுத்தித் தட்டைத் தேய்த்துவிடும் என்கிறார்களே, உண்மையா? நூலகத்திலிருந்து இதைப்பற்றி நான்கு புத்தகம் எடுத்துவந்தார். நாலும் நாலு விதமாகச் சொல்லின. இது போதாதென்று அவருடைய சகலை, அதாவது அவள் தங்கையின் கணவர், தினமும் போன் செய்து ஆலோசனை சொன்னார். சகலை குளிர்சாதனப் பெட்டிகள் விற்கிறவர். அவர் வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு உண்டு. "வாங்கறதுதான் வாங்கறீங்க, நல்லதா வாங்குங்க சகலை" என்பதை அவர் பத்து விதமாகச் சொல்லத் தெரிந்தவர்.

அவள் இதிலெல்லாம் தலையிடவில்லை. வழக்கமாக என்றால் ஒரே பேச்சில் முடித்துவைத்திருப்பாள். இந்தத் தடவை ஒதுங்கியே இருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவளுக்கு வலது காது போயிற்று. சுத்தமாகப் போயிற்று. அது ஊரறிந்த விஷயம். அவளும் அதைப்பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறவள் இல்லை. இடது காது இரண்டு காதுக்கான வேலையைச் செய்தது. தெருவில் நடக்கும்போது கணவர் தானாகவே அவளுடைய இடப்பக்கம் வந்துவிடுவார். வேலையிலும் ஒற்றைக் காதுக்கான ஹெட்செட்தான் எல்லோருக்கும். வருடத்துக்கு ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்து, இடது காது சரியாக இருக்கிறது என்று கடிதம் கொடுத்தால் போதும்.

ஆனால் ஆறு வாரமாக அந்த இடது காதும் தடுமாறுகிற மாதிரி இருந்தது. ஒரு பெண் அறுபத்தெட்டு என்று சொன்னதை அவள் எழுபத்தெட்டு என்று தட்டிவிட்டாள். எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருந்ததால் அந்தப் பெண் உடனே திருத்திவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் ஒருவரிடம் தெருப் பெயரை மூன்று தடவை கேட்க வேண்டியதாயிற்று. வீட்டிலும் அப்படித்தான். கணவர் ஏதோ சொல்லிவிட்டுப் பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அவர் பேசியதே தெரிந்திருக்காது. அடுத்த மாதம் பரிசோதனை. தேறாவிட்டால் மேஜை போய்விடும். கோப்பு அடுக்குகிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மகளின் குரல் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இப்படி இருக்கிறவளிடம் வந்து, பாட்டுக் கேட்கிற கருவி வாங்குவோம் என்றால் எப்படி உற்சாகம் வரும்?

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். சகலை தன் காரிலேயே அழைத்துப் போனார். சாவி ரிப்பேர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் குறுகலாக உள்ளே போகிற கடை அது. இரண்டு பக்கமும் அலமாரி முட்ட ஆம்ப்ளிஃபையர்கள். நடுவில் நீள மேஜையில் ஆறேழு டர்ன்டேபிள்கள் மூடியைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. கடையை நடத்தியது ஒரு பெண்மணி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார். ஓட்டுநர் நோட்டுப்புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அந்தக் கடைக்காரம்மா முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெட்டி மாதிரி வருவதில் ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, எழுபத்தொரு தட்டு வைத்திருக்கிறவர் அதை வாங்கக் கூடாது என்றார். பெல்ட்டா மோட்டாரா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதல் டர்ன்டேபிளுக்கு இரண்டுமே ஒன்றுதான், ஊசியைத் தாங்குகிற கை நேராக நிற்கிறதா, ஊசியை மாற்ற முடிகிறதா, அதைப் பாருங்கள் என்றார்.

எங்கே வைத்துக் கேட்பீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஹெட்ஃபோனில்தான் என்றார் ஓட்டுநர். மேல் வீட்டில் ஒரு செவிலி இருக்கிறாள், இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கூரையோ அப்பளம் மாதிரி. சத்தம் போட முடியாது.

கடைக்காரம்மா ஒரு பழைய பாட்டுத் தட்டை எடுத்துத் துடைத்து ஓடவிட்டார். முதலில் சகலை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "குரலைப் பாருங்க, குரலை" என்றார். அடுத்து ஓட்டுநர் மாட்டிக்கொண்டார்.  பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்றார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, மனைவியின் தலையில் தானே மாட்டிவிட்டார். "அந்தம்மா பாடுறதைக் கேளேன். பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கு."

பாட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடியது. அவளுக்கு மேளம் கேட்டது. தடித்த தந்தி வாத்தியம் ஒன்று தும் தும் என்று நடந்துபோவது கேட்டது. எங்கோ தூரத்தில் ஒரு கூடத்தில் யாரோ இருப்பதுபோல் சின்ன இரைச்சல். அவ்வளவுதான். பாடுகிற பெண்ணைக் காணோம். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். பாட்டு முடிந்து ஊசி கீறிக்கொண்டு ஓடியது. குரல் வரவே இல்லை.

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

அன்றைக்கு எதையும் வாங்காமல் திரும்பினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று ஓட்டுநர் கடைக்காரம்மாவிடம் சொன்னார். காரில் சகலை மட்டும் பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது ஓட்டுநர் மெதுவாக, "உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடலாம்மா. அந்தப் பெட்டிங்கள நான் திரும்பக் கொண்டுபோய் வச்சிடறேன்" என்றார். அவள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மேளம் கேட்கிறது, மனுஷக் குரல் கேட்கவில்லை. செவி முதலில் இழப்பது பேச்சைத்தான் என்று எங்கோ படித்திருந்தாள். அது ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

நான்கு நாள் அப்படியே போயிற்று. வேலையில் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை திருப்பிப் படித்தாள். புதன்கிழமை காலை முறை முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தவள், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டுவிட வேண்டும். ஆனால் மருத்துவமனையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டாம், யாரும் எழுதி வைத்துக்கொள்ளாத ஓர் இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரம்மா ஒரு டர்ன்டேபிளைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை போட்ட அதே பாட்டை இன்னொரு முறை போட முடியுமா என்று இவள் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போட்டார். இவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். இன்னும் கூட்டச் சொன்னாள். மேளம் மண்டையைப் பிளந்தது. குரல் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். 

முன்பின் தெரியாதவர்களிடம் சிலசமயம் நெஞ்சைத் திறந்துவிட முடிகிறது. வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது என்றும், இப்போது இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்றும், இந்தப் பாட்டில் எல்லோருக்கும் கேட்கிற குரல் தனக்கு மட்டும் கேட்கவில்லை என்றும், போன வாரமே தெரிந்தும் மறைத்துவிட்டேன் என்றும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

கடைக்காரம்மா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவரோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "எந்தக் காது கேக்காதுன்னு சொன்னீங்க?" என்றார்.

"வலது."

"ஐயோ, என் புத்தியை என்ன சொல்றது" என்று அவர் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். பிறகு ஹெட்ஃபோனை எடுத்தார். இடது பக்கத்தை வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலும் வருகிற மாதிரி திருப்பி அவளுக்கு மாட்டிவிட்டு, ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

ஒரு பெண் பாடினாள்.

தொண்டையைச் செருமாமல், அவசரப்படாமல், காதோடு வாயை வைத்துச் சொல்கிற மாதிரி பாடினாள். வரிகளுக்கு நடுவில் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இப்போது மேளம் இல்லை, தந்தி வாத்தியம் இல்லை. வெறும் குரல் மட்டும். ஏழாம் மேஜைக்காரி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு காதுக்கு இரண்டு ஒலி என்கிற ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்தில், அதைப் பதிவு செய்தவர்களில் சிலர் பாடுகிறவரை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் பிரித்துப் போட்டுவிடுவார்களாம். இந்தத் தட்டில் குரல் முழுக்க வலது பக்கம். ஸ்பீக்கரில் கேட்டால் அறைக்குள் எல்லாம் கலந்துவிடும், ஹெட்ஃபோனில் கலக்காது. பிற்காலத்துப் பாட்டுகளில் குரலை நடுவில் வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் இத்தனை வருடத்தில் அவளுக்கு இது தெரியவரவில்லை. கடைக்காரம்மா இதை ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அவள் பாதிதான் கவனித்தாள். சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். கடைக்காரம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, சுடச்சுட டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுக்கு மோனோ பட்டன்னு ஒண்ணு இருக்கு. அழுத்தினா ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கலந்து ரெண்டு காதுலயும் முழுசா வந்துடும். புது ஆம்ப்ல எல்லாம் வைக்கறது இல்ல. என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கறேன்" என்றார்.

கடையிலிருந்து அவள் நேரே நூலகத்துக்குப் போனாள். நடமாடும் வண்டி அப்போதுதான் சுற்று முடித்துப் பின்கட்டுக்கு வந்திருந்தது. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைக் கணவர் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி வேலை இடத்துக்கே வருகிறவள் இல்லை. அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. மகளுக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லி, வண்டியின் பின்படியில் அவரை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வாரமாகக் காதைப்பற்றிப் பயந்தது, எண்ணைத் தப்பாக அடித்தது, கடையில் பொய் சொன்னது, குழாயைத் திறந்துவிட்டு அழுதது, இன்று ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டியது வரை.

அவர் கையிலிருந்த புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார் கடைசியில். "பொண்ணு போனதுக்கப்புறம் உனக்கு என்கிட்ட பேச ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். சாப்பிடும்போது ஏதாவது சொல்லுவேன். நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்ட. சரி, இத்தனை வருஷமும் பொண்ணை வச்சுத்தான் நாம பேசிக்கிட்டு இருந்தோம் போலன்னு… அதான் பாட்டாவது சேர்ந்து கேக்கலாம்னு அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "எனக்குக் கேக்கலங்க. சத்தியமாக் கேக்கல."

"இப்பத் தெரியுது" என்றார். அவருடைய தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். இரண்டு மாதமாக அந்தத் தோள் ஏறியே இருந்திருக்கிறது. அது அவள் கண்ணில் படவில்லை.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. பாட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தப்பாக விழுந்த எண்களுக்கும் வீட்டில் கேட்காமல் போன பேச்சுக்கும் காரணம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே பார்த்துவிடலாம் என்றார் எந்தக் காரியத்துக்கும் மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன். மறுநாள் காலையிலேயே போன் போட்டு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

பரிசோதனை அறை சின்னதாக, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கீச்சென்று, பூச்சி பறக்கிற மாதிரி, தூரத்து விசில் மாதிரி என்று சத்தங்கள் தேய்ந்துகொண்டே போயின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பிறகு சொற்களைச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பரிசோதகரின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று போன வருடத்தது, மற்றது இன்றைக்கு எடுத்தது. இரண்டிலும் கோடு ஒரே இடத்தில் போனது. இடது காது அப்படியே இருக்கிறது, உங்கள் வயதில் இது நல்ல காது என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஏன் பயந்தீர்கள் என்று கேட்டார். கணவரின் பேச்சு வீட்டில் கேட்பதில்லை என்று அவள் சொன்னாள்.

"எந்தப் பக்கம் உக்காந்து பேசுவார்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் இருந்தவரை சாப்பாட்டு மேஜையில் அவர் மனைவிக்கு இடப்பக்கம் உட்காருவார். மகள் வலப்பக்கம், ஜன்னலோரம். மகளின் குரலோ தெருமுனை வரை கேட்கும், ஆகவே அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அவள் போன பிறகு அந்த ஜன்னலோர நாற்காலி சும்மா கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் அதில் மாறி உட்கார ஆரம்பித்திருந்தார். தெருவில் ஒருநாளும் பக்கம் மாறாதவருக்கு வீட்டுக்குள் அது தோன்றவே இல்லை. ஓட்டுநர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணி என்ன பிரயோஜனம்" என்றார். பரிசோதகர்கூடச் சிரித்துவிட்டார்.

மிச்சமிருந்ததும் அன்றைக்கே தீர்ந்தது. சாயங்கால முறைக்குப் போனவள், மேலாளரிடம் தன் ஹெட்செட்டைப் பார்க்கச் சொன்னாள். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் மேஜைக்காரி போன மாதமே தன்னுடையதைக் கழற்றி அவர் முன்னால் போட்டு, இதில் பேசுகிறவர்களெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள் என்று சண்டை பிடித்துப் புதியது வாங்கிக்கொண்டாளாம். ஒரே சமயத்தில் வந்த சரக்கு, நாலைந்து பழுது என்றார். உனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லையே என்று அப்போது ஏழாம் மேஜையிலும் கேட்டதாகவும், அவள் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் நினைவூட்டினார். அவளுக்கு நினைவிருந்தது. எங்கே தன் காதைப்பற்றிக் கேட்கிறாரோ என்று பயந்து அவசரமாகத் தலையாட்டியது நன்றாகவே நினைவிருந்தது. புது ஹெட்செட்டை மாட்டியதும் முதல் அழைப்பில் ஒருவர் தன் தெருப் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி வந்து விழுந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது நோட்டுப்புத்தகத்தை ஓட்டுநர் வீட்டிலேயே வைத்துவிட்டார். சகலை மட்டும் விடாமல் கூடவே வந்தார். கடைக்காரம்மா சொன்ன நடுத்தரமான பெல்ட் டர்ன்டேபிள் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். கை நேராக நின்றது, பாரத்தைத் திருகிச் சரிசெய்ய முடிந்தது, ஊசி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அதோடு அந்தப் பழைய ஆம்ப். ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு ஹெட்ஃபோன் செருகுகிற மாதிரி ஒரு பிரிப்பானும், இரண்டு ஹெட்ஃபோன்களும்.

மோனோ பட்டனுக்காகத்தான் இந்த நசுங்கலை வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் சகலைக்குத் தாங்கவில்லை. "அக்கா கேக்கறப்ப அழுத்துங்க, சரி. நீங்களும் சேர்ந்து கேட்டா உங்களுக்கும்ல மோனோவா வரும்? பாதி அழகு போயிடும் சகலை."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்காவது முழுசாகக் கிடைக்கட்டும், தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அவ கேக்காத பாதியை நான் மட்டும் கேட்டு என்ன பண்ணப்போறேன் சகலை?" என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு, கட்டுப்போட நல்ல கயிறு இருக்கிறதா என்று கடைக்காரம்மாவைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மூன்று கடை ஏறாமல், முதல் கடையிலேயே, அரை மணி நேரத்தில் அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையை முழுக்க அதை நிறுத்துவதிலேயே செலவழித்தார். அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தார். ஊசிக் கையின் பின்பக்கத்து எடைக் குண்டைத் திருகித் திருகி, ஊசி காற்றில் மிதக்கிற மாதிரி நிறுத்திவிட்டு, பிறகு கடைக்காரம்மா எழுதிக் கொடுத்த அளவுக்குப் பாரம் வைத்தார். அவள் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டைத் தூக்கிவந்து அலமாரி முன்னால் போட்டாள். வலப்பக்க நாற்காலியில் தான் உட்கார்ந்து, இடப்பக்கத்தை அவருக்கு விட்டாள்.

எந்தத் தட்டைப் போடுவது என்பதில் அவர் பழையபடி தடுமாற ஆரம்பித்தார். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இதா, இல்லை இதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள். அட்டையில் இருந்த எழுத்து இருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. மீசை வைத்த ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ வாத்தியத்தை மடியில் வைத்திருந்தார்.

"இதுவா?" என்றார் அவர்.

"இதுதான்."

பட்டனை அழுத்திவிட்டு இருவரும் மாட்டிக்கொண்டார்கள். முதலில் மழை தூறுகிற மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு மீசைக்காரர் வாசிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து ஒரு கூட்டமே அவரோடு சேர்ந்து பாடியது. குரலும் வாத்தியமும் எல்லாமும் ஒன்றாக அவளுடைய இடது காதுக்குள் வந்து நிறைந்தன. என்ன பாஷை, எதைப்பற்றிய பாட்டு, கல்யாணமா துக்கமா என்று ஒன்றும் விளங்கவில்லை. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாளம் தப்பாக இருந்தது.

மூன்றாவது பாட்டில் அவர் தலை மெல்லச் சாய்ந்தது. இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவர். ஹெட்ஃபோன் சரிந்து கன்னத்தில் தொங்கியது. அவள் எழுந்து அதைக் கழற்றி வைத்தாள். தட்டு அந்தப் பக்கம் முடிகிறவரை காத்திருந்து, ஊசியைத் தூக்கி, தட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.